ஏழாம் நம்பருக்குக் குடிவந்தவள்

என் வீட்டுக்காரரும் என் அம்மாவும் ஒரு கோடைக்காலம் முழுக்க ஒரே கேரவனில் காலம் தள்ளினார்கள் என்று சொன்னால், எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர், "யாருக்கு அடி பலம்?" என்று கேட்கிறார்கள்.

கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். சண்டையெல்லாம் கிடையாது. மரியாதை. அதுதான் தொல்லையே. அம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். புதிதாக யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும், டிக்கெட் இருக்கிறதா என்பதுபோல. இவரோ லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு தனியாக வேலை செய்து பழகியவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். "மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளுடி" என்று இவர் காதில் விழும்படியே அம்மா என்னிடம் கேட்பாள். "அத்தையைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மா காதில் விழும்படியே இவர் என்னிடம் சொல்வார். நடுவில் நான் தபால்காரி.

அந்த வருஷம் லிஃப்ட் கம்பெனியை இழுத்து மூடினார்கள். இவர் வீட்டோடு உட்கார்ந்தார். அதே சமயத்தில் அம்மாவும் ஓய்வு பெற்று எங்களோடு வந்து சேர்ந்தாள். பரிசோதிக்க ரயில் இல்லாததால் ஃபிரிட்ஜைப் பரிசோதித்தாள். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பித் தேதி பார்த்து, காலாவதியானவற்றை மேஜைமேல் வரிசையாக நிற்க வைப்பாள், அபராதம் கட்டச் சொல்வதுபோல. இவர் கெட்டுப்போகாத மின்விசிறியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். நான் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் பிறர் மூக்குக்கு ஃபிரேம் பொருத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒருவர் பால்கனியில், இன்னொருவர் சமையலறையில், நடுவில் கூடம் அம்போ என்று கிடக்கும்.

அப்போதுதான் இவருடைய பழைய சிநேகிதர் மூலமாக அந்த வேலை வந்தது. மலையடிவாரத்தில் ஒரு ஏரி, ஏரியைச் சுற்றிக் காடு, கரையில் ஒரு முகாம். கோடை முழுக்க ஜனங்கள் கூடாரத்தோடும் கேரவனோடும் வந்து தங்குவார்கள். அங்கே எல்லா வேலைக்கும் ஆள் வேண்டும். தங்க இடம் உண்டு. ஒரே நிபந்தனை, இரண்டு பேராக வர வேண்டும். ஒருவர் பராமரிப்பு, ஒருவர் வாசல்.

"நான் எப்படி வர முடியும்? கடையில சீசனே இப்பத்தான்" என்றேன்.

இவர் முகம் சுருங்கியது. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏன், நான் போனா ஆகாதா?"

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி நின்றார். ஆனால் மாமியார் கேட்டதை மறுத்துப் பேசுகிற வழக்கம் இவருக்கு இல்லை. பேசுகிற வழக்கமே இல்லை. அடுத்த வாரம் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டேன். பக்கத்துப் பக்கத்து இருக்கை. இவர் ஜன்னல் வழியாக ஒரு பக்கம் பார்த்தார். அம்மா நடைவழியைத் தாண்டி இன்னொரு பக்கம் பார்த்தாள். இடையில் ஒரு பையை உட்கார வைத்திருந்தார்கள்.

அங்கே போனில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேடையில் மட்டும்தான். சாயங்காலம் முதலில் அம்மா ஏறி எனக்குப் பேசுவாள். அவள் இறங்கிப் போன பிறகு இவர் ஏறிப் பேசுவார். அதனால் அங்கே நடந்த எல்லாம் எனக்கு இரண்டு தடவை தெரியும், இரண்டு விதமாக.

கேரவனின் ஒரு கோடியில் அம்மாவுக்குப் படுக்கை, மறு கோடியில் இவருக்கு. நடுவில் ஒரு மடக்குக் கதவு, ஒரு சின்ன அடுப்பு. முதல் நாள் காலையிலேயே பெரிய கண்டம் ஒன்று வந்தது. முகாம் முதலாளி இவரிடம் சீருடை கொடுத்தார். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பச்சை அரைக்கால் டிரவுசர்.

"அத்தை முன்னாடி முழங்கால் தெரிய எப்படிடி நிப்பேன்?" என்று தொட்டி மேடையிலிருந்து இவர் அழாத குறையாகக் கேட்டார்.

வழி கண்டுபிடித்தார். கேரவனிலிருந்து முழு பேண்ட்டோடு கிளம்பி, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொள்வார். சாயங்காலம் மறுபடி அங்கே போய்ப் பேண்ட் போட்டுக்கொண்டு திரும்புவார். இது ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. எட்டாம் நாளோ என்னவோ, இவர் அரை டிரவுசரோடு கொட்டகையைச் சுற்றி வரும்போது, எதிர்ப்புறத்திலிருந்து பச்சைக் கால்சட்டையும் தொப்பியுமாக அம்மா வந்தாள். கையில் மடித்த புடவை. அவளுக்கும் சீருடை கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முன்னால் கால்சட்டை போட்டுக்கொண்டு எப்படி நிற்பது என்று அவளும் அதே கொட்டகையைத்தான் பிடித்திருக்கிறாள், மறு பக்கத்தில்.

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"மழை வரும்போல இருக்கு" என்றாள் அம்மா.

"ஆமாங்க அத்தை" என்றார் இவர்.

ஒரு பொட்டு மேகம் கிடையாது. அன்று சாயங்காலம் அம்மா என்னிடம், "மாப்பிள்ளைக்கு முழங்கால் நல்லாத்தான்டி இருக்கு. எதுக்கு இந்த மூடுமந்திரம்?" என்றாள். மறுநாளிலிருந்து இருவரும் கேரவன் வாசலிலிருந்தே சீருடையோடு கிளம்பினார்கள்.

அதன்பிறகு வேலை அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வைத்தது. அங்கே தபால்காரி இல்லையே. இவர் விடிந்ததும் குளியலறைகளைக் கழுவி, நெருப்பு மூட்டும் வளையங்களிலிருந்து சாம்பல் அள்ளி, விறகைப் பிளந்து கட்டுக் கட்டாக அடுக்குவார். கேரவன்காரர்கள் கெட்டிலையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு ஃபியூஸைப் போக்குவார்கள். ஓடிப் போய் மாற்றுவார். அம்மா வாசல் குடிலில் உட்கார்ந்து வருகிறவர்களைச் சரிபார்ப்பாள். குடிலில் ஒரு பெரிய பலகை. அதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கொக்கி, கொக்கியில் வந்தவர் பெயர் எழுதிய அட்டை. முன்பதிவுச் சீட்டைக் காட்டாமல் ஒரு ஈ உள்ளே போக முடியாது. முகாம் முதலாளியே ஒரு தடவை வெளியே போய்விட்டுத் திரும்பும்போது, தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாராம்.

முதலாளி நல்ல மனுஷர். ஆனால் யார் முகத்தைப் பார்த்தும் 'முடியாது' என்று சொல்ல வராது. அதனால் சங்கடமான விஷயம் எதுவானாலும் வாக்கி-டாக்கியில்தான் சொல்வார், பத்தடி தூரத்தில் நின்றாலும். பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "குளியலறை ரெண்டுல சோப்பு இல்லைன்னு புகார், ஓவர்" என்பார். பாறைக்கு மேலாக அவர் தொப்பி தெரியும்.

எல்லாம் ஏதோ ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் வந்தாள்.

முகாமிலேயே நல்ல இடம் ஏழாம் நம்பர். ஏரியை ஒட்டி, காலையில் வெயிலும் மத்தியானம் நிழலும் விழும்படி, சரளைக் கல் பரப்பிய சதுரம். ஒரு நாள் காலை அதை வாரப் போன இவர் தலைக்குமேல் விர்ரென்று ஏதோ பாய்ந்தது. குனிந்தார். மறுபடி பாய்ந்தது. தொப்பி பறந்தது. நீள மஞ்சள் காலும் கண்ணைச் சுற்றிச் சிவப்புமாக ஒரு ஆள்காட்டிக் குருவி, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டு சுற்றியது. இவர் சரளை வாரும் பல்வைத்த வாருகோலை அப்படியே போட்டுவிட்டுக் கீழே பார்த்தார். சரளைக்கு நடுவில் சின்னப் பள்ளம். அதில் நாலு முட்டை. கல் நிறம், கல்மேல் கரும்புள்ளி. வாருகோலின் பல் அதற்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது.

"காடு முழுக்க இடம் இருக்கு. இவ வந்து நட்ட நடு ஏழாம் நம்பர்ல குடிவந்திருக்கா" என்றார் என்னிடம். முட்டை வைத்தது பெண் என்பதால் 'இவள்' ஆகிவிட்டாள்.

அம்மா சொன்ன கதையில் தொப்பி இல்லை. "அவ கத்தினது வாசல் வரைக்கும் கேட்டுதுடி. என்னன்னு போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒத்தக்கால்ல நிக்கிறார். அவ என்னைப் பார்த்ததும் ஒரு இறக்கையைத் தரையில இழுத்துக்கிட்டே நொண்டி நொண்டி அந்தப் பக்கம் போறா. ஐயோ பாவம், அடிபட்டுடுச்சேன்னு பின்னாடியே போனா, நாலு எட்டு போனதும் ஜம்முனு பறந்துட்டா. நடிப்புடி! டிக்கெட் இல்லாம வந்து காலொடிஞ்ச மாதிரி நடிச்சவங்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். ஒருத்தர்கூட இவ கால்தூசிக்கு ஆக மாட்டாங்க."

அம்மா வாயிலிருந்து ஒரு டிக்கெட் இல்லாத ஆளுக்கு இப்படிப் பாராட்டு வந்து நான் கேட்டதேயில்லை.

இவர் ஏழாம் நம்பரைச் சுற்றிக் கயிறு கட்டினார். அம்மா மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றுக்கு வெளியே உட்கார ஆரம்பித்தாள். இவரும் சாப்பாட்டைக் கொண்டு போனார், பத்தடி தள்ளி. பிறகு ஐந்தடி. வெயில் உச்சிக்கு வந்தால் குருவி முட்டைமேல் உட்காராமல் நின்று, தன் நிழலை அதன்மேல் விழ வைக்கும். வயிற்றை ஏரித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைக்கு ஈரம் கொடுக்கும். இதையெல்லாம் இருவரும் எனக்குச் சொல்லிச் சொல்லி, என் கண்ணாடிக் கடையே எனக்கு அலுத்துப் போகத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பல் டாக்டர் வரும் வாரம் வந்தது.

பல் டாக்டர் வருஷா வருஷம் அதே வாரம் பெரிய கேரவனோடு, மனைவியோடு, மடக்குப் படகோடு வருவார். ஏழாம் நம்பர்தான் வேண்டும். ஒரு வருஷம் எட்டில் போட்டதற்கு முதலாளியை நிற்க வைத்து அரைமணி நேரம் பேசினாராம். முதலாளிக்கு அந்த நினைவிலேயே பல் வலிக்கும்.

பாறைக்குப் பின்னாலிருந்து இவருடைய வாக்கி-டாக்கிக்கு உத்தரவு வந்தது. "ஏழுல இருக்கிற அந்த நாலு முட்டையை வெள்ளிக்கிழமைக்குள்ள பக்குவமா எடுத்து புதர்ப் பக்கம் வச்சுடுங்க. சத்தமில்லாம. ஓவர்."

இவர் அன்று சாயங்காலம் தொட்டி மேடையில் ஏறி, வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். "இடம் மாத்தினா அவ திரும்பி வர மாட்டா. முட்டை வீணாப் போயிடும். நான் செய்ய மாட்டேன். அதுக்காக முதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லவும் எனக்கு வரல. அதனால ஒண்ணு யோசிச்சிருக்கேன். ஏழாம் நம்பர்ல கேரவனுக்குக் கரண்ட் குடுக்கிற கம்பத்துல ஃபியூஸைப் பிடுங்கிடறேன். கம்பம் பழுதுன்னு பலகை வச்சிடறேன். கரண்ட் இல்லாத இடத்தை டாக்டர் கேட்க மாட்டார். ஆனா அத்தைகிட்ட மூச்சு விடாதே. அவங்களுக்குப் பொய்னா ஆகாது. நேரா போய்ச் சொல்லிடுவாங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அன்று அம்மா எனக்கு முதலிலேயே பேசி முடித்திருந்தாள். இவர் இறங்கிப் போன பிறகு போன் மறுபடி அடித்தது. அம்மா.

"அந்த வாக்கி-டாக்கி கத்தினது ஊருக்கே கேட்டுது. மாப்பிள்ளையைப் போய் முட்டையை எடுக்கச் சொல்றார். அந்தப் பிள்ளை முகம் செத்துப் போச்சு. முடியாதுன்னு சொல்லவா அவருக்குத் தெரியும்? நானே ஒரு வழி பண்ணிட்டேன். பலகையில டாக்டர் அட்டையை ஏழுலேருந்து கழட்டிப் பன்னெண்டுல மாட்டிட்டேன். கேட்டா ஏழுல தண்ணிக் குழாய் ஒடஞ்சுடுச்சுன்னு சொல்லிடுவேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதே. பாவம், பயந்துடுவார்."

"அம்மா, நீ பொய் சொல்லுவியா?"

"நான் இப்ப டிக்கெட் பரிசோதகரா என்ன?" என்று வைத்துவிட்டாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் ரகசியம். யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் சொல்லாதே என்று இருவருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மரியாதைக்கு நடுவே எட்டு வருஷம் குப்பை கொட்டியவள் வேறு எப்படி இருப்பாள்? இருப்புக் கொள்ளாமல், கடையில் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்தேன்.

நான் முகாம் வாசலில் இறங்கும்போது பல் டாக்டரின் கேரவன் ஏற்கெனவே அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. டாக்டர் குடில் ஜன்னலில் இரண்டு முழங்கையையும் ஊன்றியிருந்தார். உள்ளே அம்மா, தொப்பியும் பச்சைச் சீருடையுமாக. அந்தத் தோற்றத்தில் அவளை நான் பார்ப்பது முதல் தடவை. ஓய்வு பெற்றவள் மாதிரியே இல்லை.

"பன்னெண்டா? நான் ஏழுன்னு போட்டிருக்கேன்."

"ஏழுல தண்ணிக் குழாய் ஒடஞ்சுடுச்சு சார். ஒரே சேறு. பன்னெண்டு நல்ல இடம், குளியலறைக்குப் பக்கம்."

அந்தச் சமயம் பார்த்து இவர் விறகு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவர், டாக்டரைப் பார்த்ததும் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க சார். ஏழாம் நம்பர்ல கரண்ட் கம்பம் பழுதாயிடுச்சுங்க. சரி பண்ண ஆள் வரணும். ரொம்ப வருத்தம்."

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். பல்லில் எங்கே ஓட்டை என்று தேடுகிறவர் மாதிரி இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மா முகத்தைப் பார்த்தார்.

"கரண்ட்டா, தண்ணியா?"

"கரண்ட்" என்றார் இவர்.

"தண்ணி" என்றாள் அம்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டும்தான் சார்" என்றாள் அம்மா, ஒரு நொடிகூடத் தயங்காமல். "தண்ணி ஒழுகிக் கம்பத்துல பட்டுடுச்சு. அதனாலதான் ஆபத்து."

கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் டாக்டர், "நானே பார்க்கிறேன்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் மூவரும் பின்னால் ஓடினோம். டாக்டரின் மனைவியும் கேரவனிலிருந்து இறங்கி வந்தார்.

ஏழாம் நம்பரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கயிறு மட்டும் கட்டியிருந்தது. டாக்டர் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே காலை வைத்தார். ஆள்காட்டி என்று அந்தக் குருவிக்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள்? எங்கிருந்தோ வந்து அலறிக்கொண்டு அவர் தலையைக் குறி வைத்துப் பாய்ந்தது. அவர் கையை வீசினார். ஜோடிப் பறவையும் சேர்ந்துகொண்டது. டாக்டர் பின்வாங்கி, கயிற்றில் இடறி, வெயிலில் காய்ந்திருந்த சரளைமேல் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்த இடத்திலிருந்து முட்டை நன்றாகத் தெரிந்தது.

"ஓ" என்றார். "இதுதான் தண்ணியா? இதுதான் கரண்ட்டா?"

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். பாறைக்குப் பின்னால் போக நேரமில்லை. வெளிப்படையாக, எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டார். டாக்டர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "யார் இந்த வேலையைச் செஞ்சது?"

முதலாளி இவரைப் பார்த்தார். "நான் அன்னைக்கே உங்ககிட்ட எடுக்கச் சொன்னேனே…"

"ஃபியூஸைப் பிடுங்கினது நான்தாங்க" என்றார் இவர். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "அத்தைக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை."

"அட்டையை மாத்தினது நான். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அம்மா.

"நான்தான் முதல்ல பண்ணினேன்."

"நீங்க எப்ப பண்ணினீங்க? நான் புதன்கிழமையே மாத்திட்டேன்."

"அத்தை, நான்தான் சொல்றேன்ல…"

"மாப்பிள்ளை, வேலை போனா எனக்குப் போகட்டும். எனக்குப் பென்ஷன் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

"அத்தை! நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

சத்தமாகவே கேட்டது. ஏரிக்கு அப்பால் மோதித் திரும்பியும் வந்தது என்று நினைக்கிறேன். குருவிகள்கூட ஒரு கணம் அடங்கின. எட்டு வருஷ மரியாதை சரளைமேல் சிதறிக் கிடக்க, இவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அந்தக் குரல் தன்னிடமிருந்துதான் வந்ததா என்று சோதிப்பவர்போல.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் பக்கத்துக் கட்டைமேல் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தொப்பி கழன்று விழுமளவுக்குச் சிரித்தாள். "அப்பாடா! மாப்பிள்ளைக்குத் தொண்டை இருக்குடி! இத்தனை நாளா ஊமைக்கா பொண்ணைக் கொடுத்தோம்னு நான் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டிருந்தேன்."

இவர் சிரிக்கவில்லை. வந்த வேகத்தை விட்டுவிடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, முதலாளி பக்கம் திரும்பினார். "முடியாதுங்க. நான் இந்த முட்டையை எடுக்க மாட்டேன். வேற யாரையும் எடுக்கவும் விட மாட்டேன். குஞ்சு பொரிச்சதும் தானா ஏரிப் பக்கம் இறங்கிடும். அதுவரைக்கும் ஏழாம் நம்பர் அவளுடையது."

முதலாளி பாவம், ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் இவர், கட்டைமேல் அம்மா. யாருக்கு அதிகம் பயப்படுவது என்று அவருக்கே புரியவில்லை. இஞ்சி தின்ற குரங்கு மாதிரி விழித்தார். அனிச்சையாக வாக்கி-டாக்கியைத் தூக்கி, "அதாவது… ஓவர்…" என்றார். இவர் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியும் "அதாவது, ஓவர்" என்றது.

டாக்டரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கேரவனுக்குப் போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து கயிற்றுக்கு வெளியே போட்டு, குருவியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "நீங்க பன்னெண்டுல கேரவனை நிறுத்திட்டு வாங்க. எனக்கு இங்கதான் வேலை" என்றார் டாக்டரிடம்.

டாக்டர் மனம் மாறிக் குருவிப் பிரியராகிவிட்டார் என்று சொன்னால் அது நான் விடும் சரடு. அவர் பன்னிரண்டாம் நம்பரில் குளியலறைக் கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் முகம் சுளித்துக்கொண்டு கிடந்தார்; வாரம் முடியுமுன்பே கிளம்பினார்; அம்மா கேட்டைத் திறந்துவிட்டபோது நன்றிகூடச் சொல்லவில்லை. முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தண்டனையாக இவரைக் கேரவன் கழிவுத் தொட்டி சுத்தம் செய்யப் போட்டார். அதை வாக்கி-டாக்கியில் சொல்லாமல் நேரில் வந்து சொன்னார் என்பதில் இவருக்கே கொஞ்சம் பெருமை. அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உதவிக்குப் போனாள். "நீங்க போங்க அத்தை." "நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை." அந்த வாக்கியம் இப்போது இருவருக்கும் பொதுச் சொத்து.

நான் அங்கே இருந்த கடைசி நாள் காலையில் முட்டை பொரிந்தது. மூன்றுதான். நாலாவதை அந்தக் குருவி மத்தியானம் வரைக்கும் அடைகாத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. மூன்று குஞ்சும் பஞ்சுருண்டைக்குத் தீக்குச்சிக் கால் முளைத்த மாதிரி இருந்தன. காய்ந்தும் காயாமலே எழுந்து ஓடின. ஓடுகிற குஞ்சு கண்ணுக்குத் தெரியும், நின்றால் கல்லாகிவிடும். அம்மா முழங்காலில் உட்கார்ந்து, டாக்டர் மனைவி விட்டுப்போன தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "இடது பக்கம், மாப்பிள்ளை, அந்த வெள்ளைக் கல்லுக்குப் பின்னாடி ஒண்ணு" என்று கிசுகிசுத்தாள். "பார்த்துட்டேன் அத்தை. மூணாவது எங்க?" என்று இவர் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். ஒரே தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். என்னிடம் ஒரு தடவை நீட்டினார்கள், கேட்ட பிறகு.

குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் ஏரி நாணலுக்குள் இறங்கி மறைந்தன. பொரியாத முட்டையை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. மறுநாள் பார்த்தபோது அது இல்லை, ராத்திரி ஏதோ கொண்டுபோயிருந்தது என்று பிறகு போனில் சொன்னார்கள். சொல்லும்போது இருவர் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்போது தொட்டி மேடையில் இருவருமே நின்றிருந்தார்கள். போனை நடுவில் பிடித்துக்கொண்டு, ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்தார்கள். எனக்கு அப்புறம் இரண்டு விதமாகக் கதை கேட்கிற பாக்கியம் கிடைக்கவில்லை.

இலை உதிர ஆரம்பித்ததும் முகாமை மூடினார்கள். குழாய்களில் தண்ணீரை வடித்து, பலகைகளைக் கழற்றிக் கொட்டகையில் அடுக்கிவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். முதலாளி அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருந்தார், நேரில், கையைப் பிடித்துக்கொண்டு. இவருக்கு நகரத்தில் வேறொரு லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. குளிர்காலத்துக்கு மட்டும் என்று பேசித்தான் சேர்ந்தார். எட்டு வருஷமாக ஒரு கம்பெனியில் வாய் திறந்து எதையும் கேட்காத மனுஷர், முதல் நாளே நிபந்தனை போட்டுவிட்டு வந்தார்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது கூடத்தில் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தோம். சிறுத்தையின் கால்தடத்துக்கும் பெரிய நாயின் கால்தடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுக்குள் ஒரு தர்க்கம் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு இடைவெளி பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"அடுத்த கோடைக்கு நானும் வரலாம்னு பார்க்கிறேன். கடையில பேசிட்டேன். சம்பளமில்லாத லீவு தரேங்கறாங்க."

தர்க்கம் நின்றது. இவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா இவரைப் பார்த்தாள்.

"வரலாம்தான்…" என்று இழுத்தார் இவர்.

"வரலாம், யார் வேண்டாம்னா" என்றாள் அம்மா. "ஆனா கேரவன்ல மூணு பேருக்கு எடம் கொஞ்சம் நெருக்கடிடி."

"உனக்கு வேணும்னா தனியா ஒரு கூடாரம் போட்டுடலாம்" என்றார் இவர் பெருந்தன்மையாக.

"முன்பதிவு பண்ணிட்டு வா" என்று அம்மா, ரொட்டியைக் கிழித்து மாப்பிள்ளை தட்டில் வைத்துவிட்டு, மறுபடி சிறுத்தைக்குப் போனாள்.